நாக்கில் வைத்துப் பார்த்தவள்

தன் நாக்கில் வைத்துப் பார்க்காத எதையும் அவள் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டாள். சோறு, கஞ்சி, கஷாயம் மட்டுமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த கசப்பு மருந்தைக்கூடத் தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அதற்குப் பிறகுதான் பிள்ளை வாயைத் திறக்கச் சொல்வாள். மலையில் புதிதாகத் தண்ணீர் விழுகிற பீலி ஒன்று போட்டால் அவள் முதலில் ஒரு கை குடித்துக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். அவள் தலையை ஆட்டிய பிறகுதான் நாங்கள் குடத்தை வைப்போம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கங்காணி வாய்த்துடுக்குக்காரர். அவளைக் கண்டால் சும்மா போக மாட்டார்.

“ஏ பொம்பள, பெரிய தொர கைய ஒரு நாளைக்கு நக்கிப் பாத்துச் சொல்லேன், இனிக்குதா கசக்குதான்னு.”

“அது எதுக்குங்க கங்காணி? ஒங்களப் பாத்தாலே தெரியுதே, தெனமும் நக்குறது நீங்கதானே.”

மலை முழுக்கச் சிரிக்கும். கங்காணியும் சிரிப்பார். அந்த வாய்க்காக அவளை யாரும் பகைத்துக்கொண்டதில்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையிலேயே மூன்று காம்பிரா, மூன்று அறை தள்ளி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள். நான்கு பிள்ளைகள் பெற்றாள், நான்கும் நின்றன. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். எங்கள் தோட்டத்தில் பெற்றதையெல்லாம் வளர்த்து எடுத்தவள் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கையிலேயே விரல் மிச்சமிருக்கும்.

அதனால்தான் மண் கொடுக்கிற வேலை அவளிடம் வந்தது.

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான். மசக்கை வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மண் ஆசை வரும். மழை பெய்து மண் வாசம் கிளம்பினால் வாயில் எச்சில் ஊறும். சுவரைச் சுரண்டத் தோன்றும். எங்கள் தாய்மார் கடல் தாண்டி வரும்போதே இதற்கும் ஒரு முறை கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைத்தாச்சி தானாகத் தோண்டித் தின்னக் கூடாது. பெற்ற பிள்ளை ஒன்றும் சாகாதவள் கையால் வாங்கித்தான் தின்ன வேண்டும். ஆம்பிளைகளுக்குத் தெரியக் கூடாது. துரைக்கோ மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவுக்கோ தெரியவே கூடாது.

அக்கா மண் எடுத்தது ரோட்டு வளைவில், மலையை வெட்டிய இடத்தில். சிவப்பு மண்ணுக்கு நடுவே வெள்ளை வரி ஒன்று ஓடும். அதை விரலால் நோண்டி முதலில் தன் நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். கல் நெருடினால் துப்பிவிட்டு வேறு இடம் பார்ப்பாள். கொண்டு வந்து பழஞ்சேலையில் சலித்து, தண்ணீர் தெளித்து, கால் ரூபாய் அகலத்துக்கு வில்லை தட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகையில் காய வைப்பாள். என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஒரு நாளைக்கு ஒரு வில்லை வாங்கித் தின்றேன். கொழுந்துக் கூடைக்குள் முடிந்து வைத்துக்கொண்டு யாரும் பார்க்காத நேரம் வாயில் ஒதுக்கிக்கொள்வேன். அவன் கொழுகொழுவென்று பிறந்தான். இப்போது அவனுக்கே பேரப்பிள்ளைகள்.

நான் அப்போது கெட்டிக்காரி. சும்மா சொல்லவில்லை. என் கூடையில் ஒரு நாளும் முத்தல் இலை கிடந்ததில்லை. நிறுக்குமிடத்தில் கணக்கப்பிள்ளை மற்றவர்கள் கூடையைக் கிளறிப் பார்ப்பார், என் கூடையைத் தொடமாட்டார். என் தலை யாருக்கும் குனிந்ததில்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு செய்த வேலையைத்தான் பின்னால் சொல்லப்போகிறேன்.

நான் இரண்டாவது முறை உண்டான வருஷம் ஆடி மழை பேய் மழையாகப் பெய்தது. இலங்கையில் அட்டன் பக்கம் பெய்கிற மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டு வளைவு ஒரு நாள் காலையில் அப்படியே சரிந்து கீழே போய்விட்டது. வேலையாட்கள் வந்து கருங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். வெள்ளை வரி கல்லுக்குள் போய்விட்டது.

எங்கள் லயத்தில் நானும், மேட்டு லயத்தில் ஒரு புதுப்பெண்ணும் அப்போது வயிற்றோடு இருந்தோம். ஆசையை அடக்க முடியவில்லை. நான் சாம்பலை அள்ளித் தின்பதை அக்கா பார்த்துவிட்டாள்.

“அடியே, அடுப்பச் சொரண்டாத. ரெண்டு நாளு பொறு. தோட்டத்துல மண்ணா இல்ல?”

ஒரு வாரம் தேடினாள். கொழுந்து எடுக்கப் போகிற மலையெல்லாம் குனிந்து குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். பதினேழாம் நம்பர் மலை மண் புளிக்கிறது என்றாள். கோயில் பக்கத்து மண்ணில் வேர் வாசம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடியில் எதையோ கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். முகம் பூரித்திருந்தது.

“வாயத் தொற புள்ள.”

தன் நாக்கில் ஒரு துளி வைத்துவிட்டு என் நாக்கில் வைத்தாள். நான் திகைத்துப்போனேன். இனித்தது. மண் இனித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். கற்கண்டைக் கரைத்துவிட்ட மாதிரி மெல்லிய இனிப்பு, கடைசியில் நாக்கு லேசாகத் துவர்த்தது.

“எங்கக்கா கெடச்சுது?”

“ஸ்டோருக்குப் பின்னால, பள்ளத்துல. சாம்ப நெறத்துல இருக்கு. மேல வெள்ளையா மாவு பூத்திருக்கு. எத்தனையோ மண்ணு பாத்துட்டேன், இப்படி ஒண்ணு கண்டதில்ல. மகராசி, ஒன் வயித்துல இருக்கிறது ராஜாத்தி தான்.”

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை ஆலையை. அதன் பின்புறம் ஒரு பள்ளம். அரைத்துச் சலித்து மிஞ்சின கழிவுத் தூளையும் நாரையும் வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டினார்கள். மழையில் ஊறிப் புளித்த வாடை வரும். அந்தப் பள்ளத்தில் வேறு என்ன கிடந்தது என்பது அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. என் புருஷனுக்குத் தெரியும். அவர் ஸ்டோரில் பெட்டி அடிக்கிறவர். முன்பெல்லாம் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத் தாள் விரித்து, ஈயத்தைக் காய்ச்சி ஓரத்தை ஒட்டி மூடுவார்களாம். பிறகு பளபளவென்று வேறு தாள் வந்ததும், மிஞ்சிக் கிடந்த பழைய ஈயத் தாளையும் துண்டு துணுக்கையும் வண்டி வண்டியாக அந்தப் பள்ளத்தில் தள்ளி, மேலே கழிவுத் தூளைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஈயம் புளிப்பில் ஊறினால் இனிக்கும் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். கொட்டினது அவருக்குத் தெரியும், தின்றது எனக்குத் தெரியும். ஒரே காம்பிராவில், ஒரே பாயில் படுத்திருந்தோம். அவர் அதைப் பேச ஒரு காரணமும் வரவில்லை. நான் இதைப் பேசக் கூடாது என்பது முறை.

பழைய வில்லை ஒரு நாளைக்கு ஒன்று போதும். இந்த மண்ணோ கேட்கக் கேட்க இன்னும் கேட்டது. நான் இரண்டு மூன்று தின்றேன். மேட்டு லயத்துப் பெண்ணும் அப்படித்தான். அக்காவோ ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பார்த்தாள், சலிக்கும்போது பார்த்தாள், காய்ந்த பிறகு ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் அதிகம் தின்றிருப்பாள். வயிற்றில் பிள்ளையும் இல்லை, ஆசையும் இல்லை. கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்ற ஒரே காரணம்தான்.

இரண்டு மாதத்தில் எனக்கு வயிற்றைக் கிள்ளிப் பிடித்தது. வெளிக்கே போக முடியவில்லை. வாயில் எந்நேரமும் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்று மாமியார் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். அக்காவுக்கும் வயிற்று வலி. அதோடு ஒரு நாள் மலையில் என் பக்கத்து நிரையில் நின்றவள் கையை உதறினாள்.

“என்னக்கா?”

“என்னமோ தெரியல. கொழுந்து ஒடியமாட்டேங்குது. மணிக்கட்டு தொளதொளங்குது.”

“வயசாகிப்போச்சு ஒங்களுக்கு.”

“ஒனக்கு நாக்கு நீளம், எனக்குக் கை நீளம். ரெண்டும் ஒரு நாளைக்கு ஒடியும் பாரு.”

சிரித்தோம்.

புரட்டாசியில் மேட்டு லயத்துப் பெண்ணுக்குக் கரு கரைந்துவிட்டது. ஐந்து மாதம். அவளைப் பார்க்க வந்த டிஸ்பென்சர் ஐயா அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு அதிர்ந்துபோனாராம். மறுநாள் கொழுந்து நிறுக்குமிடத்தில், தோட்டத்தில் வயிற்றோடு இருந்த எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். ஏழெட்டுப் பேர் நின்றோம். அவர் யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனுஷன், கோபம் மட்டும் மூக்கு நுனியில். ஒவ்வொருத்தியின் உதட்டையும் கீழே இழுத்துப் பார்த்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

“இவவுக்கும் கிடக்கு. பார், பல்லு முரசு ஓரத்திலை நீலக் கோடு. இது ஈயம் உடம்பிலை ஏறின ஆக்களுக்கு விழுற கோடு. பிள்ளை, உண்மையைச் சொல்லு. மண், சாம்பல், சுண்ணாம்பு ஏதும் தின்னுறனியோ?”

கூடையோடு நூறு பேர் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கங்காணி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். பின்னால் என் மாமியார். எல்லாருக்கும் பின்னால், வரிசைக்கு வெளியே, அக்கா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“நாங்க என்ன மண்ணு திங்கிற சாதியா ஐயா? தொர குடுக்கிற அரிசியத்தான் திங்கிறோம்.”

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அங்கங்கே சிரிப்புக் கேட்டது. கங்காணி, “அப்பிடிப் போடு!” என்றார். ஐயா அடுத்தவளிடம் போனார். பாயில் கிடந்த மேட்டு லயத்துப் பெண்ணிடமும் பிறகு போய்க் கேட்டிருக்கிறார். நான் இல்லையென்று சொன்ன செய்தி அதற்குள் அங்கே போயிருந்தது. அவளும் இல்லையென்று சொல்லிவிட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, என் மானத்தைக் காப்பாற்றுகிற பார்வை அது. ஐயா வரிசையில் நின்றவர்கள் உதட்டைத்தான் பார்த்தார். வரிசைக்கு வெளியே நின்றவளைப் பார்க்க அவருக்குக் காரணமில்லை.

மண் இல்லையென்றால் தண்ணீர்தான் என்று அவர் முடிவு செய்தார். இரண்டு லயத்துக்கும் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஈயக் குழாயைப் பிடுங்கிப்போட்டு, இரும்புக் குழாய் போட்டார்கள். துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். புதுப் பீலித் தண்ணீரை அக்காதான் முதலில் குடித்துப் பார்த்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் மண் கேட்டுப் போனேன். அக்கா வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“ஐயா ஏதோ கோடுன்னாரே புள்ள.”

“அவரு தண்ணியத்தானே சொன்னாரு. கொழாயத்தான் மாத்திட்டாங்களே. குடுங்கக்கா.”

“ஈயம்னாரே?”

“ஈயம் பூசுன சட்டியிலதானே ஊரே சோறு திங்குது?”

அவள் வில்லையின் ஓரத்தைக் கடித்தாள். கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். கொடுத்தாள்.

ஏழாம் மாதம் முடிகிற நேரம் எனக்கு வலி கண்டது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தார்கள், அப்போதும் அழவில்லை. அக்கா வாங்கிக் கழுவினாள். அவள் மணிக்கட்டு அப்போது நன்றாகவே தொங்க ஆரம்பித்திருந்தது. பிள்ளையின் தலையைத் தன் முழங்கையில்தான் தாங்கிக்கொண்டாள்.

பெயர் வைக்காத பிள்ளைகளைத் தேயிலைக்கு நடுவில் புதைப்பது வழக்கம். என் புருஷன் மண்வெட்டியோடு போனார். அக்கா பழஞ்சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கூடப் போனாள். அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்து எனக்குச் சொன்னார். வாழ்நாளில் அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

குழி வெட்டி முடிந்ததும் அக்கா பிள்ளையைக் கொடுக்கவில்லையாம். குனிந்து குழிக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாளாம்.

“என்னக்கா செய்றீங்க?”

“பழக்கம் தம்பி. குடுக்கிறதுக்கு முந்திப் பாத்துருவேன்.” துப்பாமல் விழுங்கிவிட்டு, “சப்புன்னு இருக்கு. பாவம், இதுக்கு இனிச்ச மண்ணு தான் பழக்கம். ஸ்டோருக்குப் பின்னால பள்ளத்து மண்ணு கற்கண்டாட்டம் இருக்கும்” என்றாளாம்.

இவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“பள்ளத்து மண்ணா? யாரு தின்னா?”

அவள் பிள்ளையைப் பார்த்தாள். இவருக்கு விளங்கிவிட்டது.

“அக்கா, அது ஈயத் தாளு கொட்டுன எடமாச்சே. நானே இந்தக் கையால வண்டி வண்டியாத் தள்ளியிருக்கேனே.”

பிள்ளையை இவர் கையில் கொடுத்துவிட்டு அவள் அங்கிருந்தே நடந்தாள். லயத்துக்கு வரவில்லை. நேரே பள்ளத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். டிஸ்பென்சரியில் கூட்டிப் பெருக்குகிற பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு எல்லாருக்கும் சொன்னாள்.

“ஐயா, நீங்க கேட்ட மண்ணு இதுதாங்க. நான்தான் குடுத்தேன்.”

“ஆர் ஆருக்குக் குடுத்தனீ?”

“பேரு கேக்காதீங்கய்யா. குடுத்தவ நான். என்னைய எழுதிக்கங்க.”

அவர் அவள் உதட்டை இழுத்துப் பார்த்தார். நீலக் கோடு இல்லையாம், கறுப்பாகவே இருந்ததாம். “நீ ஏன் தின்றனீ, உனக்கென்ன பிள்ளையே வயித்திலை?” என்று கத்தினாராம். “தின்னு பாக்காம எப்பிடிங்கய்யா குடுக்கிறது?” என்று இவள் கேட்டாளாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

அந்த வாரமே ஸ்டோர் பள்ளத்தில் லொறி லொறியாகச் செம்மண் கொட்டி மூடினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. துரைமார் அப்படித்தான், மூடினால் முடிந்தது. லயத்தில் மூட முடியவில்லை. பெருக்குகிற பெண் சொன்னது பற்றிக்கொண்டது. கைராசிக்காரி என்று கும்பிட்ட வாய்களெல்லாம் பிள்ளைதின்னி என்று சொல்ல ஆரம்பித்தன. மேட்டு லயத்துப் பெண்ணின் தாய் பீலியடிக்கு வந்து மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாள். “தன் நாலையும் காப்பாத்திக்கிட்டு ஊரான் புள்ளயத் தின்னவ” என்று என் மாமியார் வாசலில் நின்று துப்பினார்கள். நான் உள்ளே இருந்தேன். வெளியே வந்து, “அவுங்களா குடுக்கல, நான்தான் கேட்டு வாங்கித் தின்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மண் தின்றவள் என்ற பேர் எனக்கு வரக் கூடாது. அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவளுக்கு அதுதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

அக்காவின் இரண்டு கையும் மணிக்கட்டோடு தொங்கிப்போயின. அறுந்த கொழுந்து மாதிரி. கொழுந்து எடுக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. பேரை வெட்டினார்கள். கடைசி மகளின் காம்பிராவில் ஒரு மூலையில் சாக்கை விரித்துக்கொண்டாள். என்னைக் கண்டால் முன்போலவே, “என்னா புள்ள, மலை எப்பிடி?” என்பாள். நான் நிற்காமல் பதில் சொல்லிக்கொண்டே நடந்துவிடுவேன். நான்கு வருஷம் அப்படிப் போனது.

பிறகு அவள் படுத்துவிட்டாள். முகம் வீங்கி, கால் வீங்கி. மகள் வேலைக்குப் போன நேரம் வாயில் ஊற்ற ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பாசத்தால் போனேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு அதற்குள் இன்னொரு பெண் பிறந்து இரண்டு வயது. அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அக்காவின் தொங்குகிற கைதான் கண்ணில் வந்தது. அதனால் போனேன்.

கரண்டியை அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“பாத்தியா?”

“என்னக்கா?”

“நாக்குல வச்சுப் பாத்தியா? எனக்கு ஒண்ணும் தெரியல இப்ப. தண்ணியும் இரும்பாத்தான் இருக்கு, சீனியும் இரும்பாத்தான் இருக்கு. நீ பாத்துச் சொல்லு.”

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். “உப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அவள் என்னை அந்த நிறுக்குமிடத்துப் பொய்யைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த மாசி மாதம் புதுத் துரை வந்தார். டிஸ்பென்சர் ஐயா எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை ஒரு செய்தி சொன்னார். ஸ்டோருக்குப் பின்னால் உள்ள செம்மண் தரையை மரக்கறித் தோட்டம் போட ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்களாம். நாளைக் காலை பெரட்டில் சீட்டு எடுக்கலாமாம். களத்தில் ஒரே சந்தோஷம். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் தரைக்கு அடித்துக்கொள்கிற சனங்கள் நாங்கள்.

கஞ்சி கொடுக்கும்போது அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

“மேல ஒரு முழந்தான் செம்மண்ணு. ரெண்டு கொத்துக் கொத்துனா சாம்ப மண்ணு வந்துருமே.”

“கணக்கப்பிள்ளகிட்ட நீங்க சொல்லியனுப்புங்கக்கா.”

“நான் சொன்னா எவ நம்புவா? புள்ளதின்னி, இப்ப வயித்தெரிச்சல்ல சொல்றாம்பாங்க.” மூச்சு வாங்கினாள். தொங்குகிற கையைத் தூக்கி என் மடியில் போட்டாள். விரல்கள் ஈரத் துணி மாதிரி விழுந்தன. “நீ சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. ஒன் கூடைய யாரும் கெளறிப் பாக்கமாட்டாங்கள்ல.”

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். கொடுக்காவிட்டால் ஏனென்று கேட்பார்கள் என்று என் புருஷனும் சீட்டுக்குப் பேர் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னால் என்னைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். எனக்காக எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

காலையில் பனி விலகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தகர டப்பாவைக் குலுக்கினார். நான் முன்னால் போனேன்.

“ஐயா, அந்த மண்ணு வேணாங்க. அதுக்குள்ள ஈயம் கெடக்கு.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. தின்னவ நான். அதத் தின்னுதான் என் பொம்பளப் புள்ளயப் பொணமாப் பெத்தேன்.”

பனியில் யாரோ இருமினார்கள். கங்காணி, கிழவராகிவிட்டார் அப்போது, கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஏம்மா, அன்னைக்கு நாங்க என்ன மண்ணு திங்கிற சாதியான்னு கேட்டவ நீதானே?”

“நான்தாங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யி. அக்காவாக் குடுக்கல. நான் கேட்டு வாங்கித் தின்னேன். ஐயா கேட்டப்ப நான் ஆமான்னு சொல்லியிருந்தா என் புள்ள பொழச்சிருக்கும். அக்கா கையும் பொழச்சிருக்கும்.”

என் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பின்னால் இளவட்டங்கள் சிரித்தார்கள். “மண்ணுதின்னி” என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பேர் எனக்குக் கடைசிவரை இருந்தது, இப்போதும் பழைய ஆட்களுக்கு அப்படிச் சொன்னால்தான் என்னைத் தெரியும். என் புருஷன் தலையைக் குனியவில்லை. நடந்து வந்து, “தாளக் கொட்டுனது நான். அவ சொல்றது நெசம்” என்று சொல்லி என் பக்கத்தில் நின்றார். மேட்டு லயத்துப் பெண்ணின் தாய், பீலியடியில் மண்ணை வாரி இறைத்தவள், வரிசையிலிருந்து விலகிப் போனாள். அவள் போவதைப் பார்த்துவிட்டு இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள்.

எல்லாரும் போகவில்லை. மிச்சப் பேர் சீட்டு எடுத்தார்கள். இலவசமாக வருகிற தரையை விடுவார்களா? கோவா என்று நாங்கள் சொல்கிற முட்டைக்கோஸ் அங்கே ஆள் தலை அளவுக்கு விளைந்தது. அதை அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் கொண்டுபோய் விற்றார்கள். யார் யார் தின்றார்களோ. நான் கோவா வாங்குவதையே விட்டுவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கஞ்சியோடு போனேன். அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். காலடிச் சத்தம் கேட்டு விழித்தாள்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்னான்னு சொன்ன?”

“தின்னேன்னு சொன்னேன்.”

அவள் “பாத்தியா?” என்று கேட்காமலே வாயைத் திறந்தாள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அவளுக்கு ஊற்றினேன்.